பேட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஜன்னல ஒரு தடவ பாத்துக்கோங்க

எங்க வீட்டுல இப்ப நாலு கொசு பேட்டு இருக்கு, அதுல ஒன்னுதான் உயிரோட இருக்கு. மத்த மூணும் அலமாரி மேல தூசி படிஞ்சு கிடக்கு, தூக்கிப் போடவும் மனசு வரல, பழைய பேப்பர்காரரும் "இது வேணாம்மா, பாத்திரம் ஏதாச்சும் இருந்தா குடுங்க"ன்னு தள்ளி வெச்சுட்டாரு. போன வாரம் எதிர் ஃப்ளாட்டுக்கு புதுசா குடி வந்த பொண்ணு, கையில ஆறு மாசக் குழந்தையோட வந்து "அக்கா, எந்த பேட்டு வாங்கினா நல்லாருக்கும், 300 ரூபாயில ஒன்னு இருக்கு, 700 ரூபாயில ஒன்னு இருக்கு"ன்னு போன நீட்டினா. நான் போன வாங்கிப் பாக்காமயே "பேட்டு கிடக்கட்டும், மொதல்ல உன் ஜன்னலக் காட்டு"ன்னேன். அவ முழிச்சா. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம், அதத்தான் இங்க எழுதறேன். மூணு வருஷம் காசு விட்டு கத்துக்கிட்டது, வேற யாருக்காச்சும் மிச்சமாகட்டும்.

எங்க நிலவரத்த சொல்லிடறேன். மடிப்பாக்கம், வாடகை வீடு, ரெண்டாவது மாடி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ரொம்ப தூரமில்ல, பக்கத்துலயே ஒரு காலி மனை, மழை பேஞ்சா பொங்கல் வரைக்கும் அதுல தண்ணி நிக்கும். வீட்டுல நான், வீட்டுக்காரர், ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, அப்புறம் எங்க அத்தை. அத்தைக்கு வீசிங் உண்டு. இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, பாதி முடிவ இதுதான் எடுத்துச்சு.

பேட்டு நல்லதா, ப்ளக்ல சொருகற கொசு லிக்விடு நல்லதான்னு கேக்கறதுக்கு முன்னாடி உங்கள கடிக்கறது எந்த கொசுன்னு பாக்கணும், இத யாரும் சொல்றதே இல்ல. சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் கூட்டமா வந்து காதுக்கிட்ட பாட்டு பாடி ராத்திரி பூரா தூங்க விடாம பண்றது பெரும்பாலும் சாக்கடைக் கொசு, கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணி, செப்டிக் டேங்க், மூடாத கால்வாய், இதுலதான் பெருகும், யானைக்கால் நோயப் பரப்பறதும் இதே இனம்தான். கருப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, கால்ல வெள்ளைக் கோடு போட்டுட்டு சத்தமே இல்லாம கணுக்கால்ல கடிக்குது பாருங்க, அது ஏடிஸ், டெங்கு கொசு. அது பகல்ல கடிக்கும், காலைல விடிஞ்ச கொஞ்ச நேரமும் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடியும் ஜாஸ்தி. கட்டிலுக்கு அடியில, ஹேங்கர்ல தொங்கற துணிக்குப் பின்னாடி, ஸ்கூல் பை மாட்டற இடத்துல உக்காந்திருக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, நீங்க ராத்திரி 9 மணிக்கு லிக்விட ஆன் பண்ணி காலைல ஆஃப் பண்றீங்க, டெங்கு கொசு அதுக்கப்புறம்தான் டியூட்டிக்கே வருது.

பேட்டு ஜெயிக்கற இடம் இதுதான். கண்ணுக்கு முன்னாடி வந்த கொசு, அந்த நிமிஷம், மருந்து இல்லாம, வாசனை இல்லாம, கரண்ட்டு இல்லாட்டியும் "பட்"டுனு முடிஞ்சுது. அந்த சத்தத்துல ஒரு திருப்தி இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல இருந்து வந்ததும் சட்டைய கூட மாத்தாம பேட்டத்தான் எடுப்பாரு, மேனேஜர் மேல இருக்கற கோவம் எல்லாம் அதுல போயிடும்னு நினைக்கறேன்.

இந்த சாமான் ஒன்னும் பழங்காலத்து விஷயமில்ல. தைவான்காரர் ஒருத்தர், சாவோ ஈ ஷி, இதுக்கு அமெரிக்காவுல பேட்டண்ட் வாங்கினது 1996ல. இங்க நம்ம ஊருல ப்ளாட்ஃபாரக் கடை வரைக்கும் வந்துச்சு, மட்டமான சரக்கு அவ்வளவு குவிஞ்சுது, 2021 ஏப்ரல்ல மத்திய அரசு 121 ரூபாய்க்கும் கம்மியான மதிப்புல வர்ற கொசு பேட்ட இறக்குமதி பண்ணவே கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அது துறைமுகத்துல வந்து இறங்கற மதிப்பு, கடை விலை இல்ல, அதனால "121க்கு மேல வாங்கினா நல்ல பேட்டு"ன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, சின்ன பேட்டரி, 4 வோல்ட்டு மாதிரி. அத ஒரு குட்டி சர்க்யூட்டு ஏத்தி ஏத்தி ரெண்டாயிரம் மூவாயிரம் வோல்ட்டாக்கி ஒரு கெபாசிட்டர்ல சேத்து வெக்குது. கம்பி வலை மூணு அடுக்கு, நடுவுல இருக்கறது ஒரு முனை, வெளிப்பக்கம் ரெண்டும் இன்னொரு முனை. கொசு உள்ள நுழைஞ்சு ரெண்டு அடுக்கையும் தொட்ட மாதிரி ஆச்சுன்னா சேத்து வெச்ச மொத்த கரண்டும் அது வழியா பாயும். வோல்ட்டு எண்ணிக்கையக் கேட்டு பயப்பட வேணாம், உள்ள இருக்கற சக்தி ரொம்பக் கம்மி, மனுஷனுக்கு சுரீர்னு ஒரு உதறல், அவ்வளவுதான். ஆனா அந்த உதறல்ல கையில இருக்கற குழந்தையக் கீழ விட்டா அதுக்கு பேட்டு பொறுப்பில்ல. பட்டன விட்டதுக்கு அப்புறமும் கெபாசிட்டர்ல கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும், ஸ்விட்ச் ஆஃப் பண்ணியாச்சேன்னு உடனே விரல விட்டு செத்த கொசுவத் தட்டினா வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான். ப்ளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால ரெண்டு அடுக்கையும் சேத்துத் தொட்டா ஒரு தடவ டப்புனு இறங்கிடும், அப்புறம் ப்ரஷ்ஷால தட்டலாம். ஒத்த அடுக்கு வலை பேட்டும் விக்கறாங்க, அதுல பக்கத்துப் பக்கத்து கம்பியே எதிர் எதிர் முனை, சும்மா மேல கை பட்டாலே ஷாக்கு. குழந்தை இருக்கற வீட்டுல அது வேணவே வேணாம்.

சரி, எந்த பேட்டு. எங்க வீட்டுல செத்த மூணுல ரெண்டு, பின்னாடி கைப்பிடியில இருந்து பின்னு வெளிய தள்ளி நேரா சுவத்து ப்ளக்ல சொருகற டைப்பு. அதுல பெரும்பாலும் லெட் ஆசிட் பேட்டரி, ஸ்கூட்டர் பேட்டரியோட குட்டித் தம்பி. அதுக்கு ரெண்டு நோய். ஒன்னு, சார்ஜ் ஆயிடுச்சுன்னு தானா நிக்காது, நாம 8 மணி நேரம்னு கணக்கு வெச்சு எடுக்கணும், எங்க வீட்டுல ராத்திரி சொருகினத மறுநாள் சாயங்காலம் எடுப்பாங்க, பேட்டரி உப்பிப் போச்சு. இன்னொன்னு, வெயில் காலத்துல கொசு கம்மின்னு மூணு மாசம் தொடாம வெச்சா அது அப்படியே கெட்டுப் போயிடும், மாசத்துக்கு ஒரு தடவயாவது சார்ஜ் போடணும். யார் ஞாபகம் வெச்சுக்கறது. இப்ப உயிரோட இருக்கறது லித்தியம் பேட்டரி, போன் சார்ஜர் வயராலயே ஏறுது, 600 சொச்சம் குடுத்தேன், ஒன்றரை வருஷமா ஓடுது. மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு சார்ஜ். மூணாவது செத்தது எப்படின்னா, பொண்ணு அத பேட்மிண்டன்னு நினைச்சுட்டா.

விலையத் தாண்டி அந்த பின்னு டைப்ப நான் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் வேற. அதுக்குள்ள 230 வோல்ட்ட குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வெக்க மாட்டாங்க, ஒரு கெபாசிட்டர் வழியா நேரா இழுத்துப்பாங்க, அதாவது சார்ஜ்ல இருக்கும்போது உள்ள இருக்கற சர்க்யூட்டு முழுக்க வீட்டு மெயின் லைனோட தொடர்புல இருக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போதே ஒரு கொசுவ அடிப்போம்னு பட்டன அழுத்தினா நீங்க கையில பிடிச்சிருக்கறது 4 வோல்ட்டு விளையாட்டு சாமான் இல்ல. வலைக்கும் லைனுக்கும் நடுவுல இருக்கறது அந்த மட்டமான ப்ளாஸ்டிக்கும் அவன் வெச்சிருக்கற ஸ்விட்ச்சும்தான். போன் சார்ஜர் டைப்புல லைன் கரண்ட்டு சார்ஜரோடயே நின்னுடும், ஆனா சார்ஜரும் ஒழுங்கான சார்ஜரா இருக்கணும், பஸ் ஸ்டாண்டுல 50 ரூபாய்க்கு வாங்கினது இல்ல. எதுவா இருந்தாலும் சார்ஜ்ல இருக்கும்போது அடிக்காதீங்க.

அடுத்தது தீப்பொறி. பட்டுனு வர்ற வெளிச்சம் நெருப்புப் பொறிதான், வேற ஒன்னும் இல்ல. 2020 செப்டம்பர்ல பிரான்ஸ்ல டோர்டோன்ங்கற பகுதியில 80 வயசு தாண்டின ஒரு தாத்தா, சாப்பிட உக்காந்தப்ப ஒரு ஈ தொல்லை பண்ணுதுன்னு இந்த மாதிரி பேட்டால அடிச்சிருக்காரு, வீட்டுல கேஸ் கசிஞ்சுட்டு இருந்தது அவருக்குத் தெரியல, சமையல்கட்டும் கூரையில ஒரு பாகமும் போச்சு, அவரு கையில காயத்தோட தப்பிச்சாரு. நம்ம வீட்டுல சிலிண்டரே சமையல்கட்டுலதான் இருக்கு. அதனால கிச்சன்ல பேட்டு கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டேன். அதே மாதிரி கொசு ஸ்ப்ரே, பாடி ஸ்ப்ரே, பெயிண்ட் தின்னர், சானிடைசர், இது அடிச்ச ரூம்ல உடனே பேட்டு வேணாம், ஸ்ப்ரே டப்பால மருந்தத் தள்ளற வாயு பெரும்பாலும் எரியற வாயுதான். "ரெண்டையும் சேத்து அடிச்சா சீக்கிரம் சாகும்"னு ஒருத்தர் சொன்னாரு, கொசு மட்டும் சாகாதுங்க.

அடிக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, டென்னிஸ் மாதிரி வீசறவங்களுக்கு ஒன்னும் கிடைக்காது. வேகமா வீசினா ஓரத்துச் சட்டம் தள்ளற காத்துலயே கொசு விலகிப் போயிடும். பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, சாமிக்கு சாம்பிராணி காட்டற வேகத்துல கொண்டு போகணும், அதுவே வந்து மாட்டும். சுவத்துல உக்காந்திருந்தா பேட்ட அது மேல வெச்சு மூடற மாதிரி கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா பறக்கும்போது நேரா வலைக்குள்ள வரும். சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும்தான் வேட்டை நேரம். கருப்பு பேண்ட்டு போட்டுக்கிட்டு நாற்காலில உக்காந்து கால்கிட்ட பேட்ட ஆட்டினாலே போதும், கருப்புக்கு வந்து மொய்க்கும். கட்டிலுக்கு அடி, பீரோ சந்து, கர்ட்டன் மடிப்பு, பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி, இந்த நாலையும் ஒரு சுத்து சுத்திட்டா அன்னிக்கு ராத்திரி கணக்குல பாதி தீந்தது. பட்டுனு கேட்ட உடனே எடுத்துடாம ஒரு செகண்டு அப்படியே பிடிங்க, சார்ஜ் இறங்கின பேட்டு கொசுவ மயக்கத்தான் போடும், அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்து போயிடும். கீழ விழுந்ததப் பெருக்கி விட்டுடணும்.

இவ்வளவும் சொல்லிட்டு ஏன் பேட்டு மொதல்ல வேணாம்ங்கறேன்? நீங்க தூங்கிட்டா பேட்டும் தூங்கிடும், அதான். மூணு மணிக்கு காதுக்கிட்ட ஙொய்ங்னு கேட்டு, லைட்டப் போட்டு, வீட்டுல எல்லாரையும் எழுப்பி, அரைத் தூக்கத்துல பேட்ட வெச்சுக்கிட்டு ரூம் நடுவுல நிக்கறது இருக்கே, எங்க வீட்டுல அது ஒரு வருஷம் நடந்துச்சு. அதுவும் கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து கிடக்க நீங்க பத்து கொசு அடிச்சா வெளிய இருந்து இருபது வரும், ஒரு பொட்டக் கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை கிட்ட போடுது, அந்தக் காலி மனையோட போட்டி போட்டு நம்ம கை ஜெயிக்காது. உள்ள வந்துட்டதத் தீக்கத்தான் பேட்டு, வராம நிறுத்தறது அதோட வேலை இல்ல.

லிக்விடு பக்கம் வருவோம். வசதிக்கு அத அடிச்சுக்க முடியாது, சொருகினோமா மறந்தோமான்னு இருக்கும், தூங்கும்போதும் வேலை செய்யும். உள்ள இருக்கறது பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் இல்ல ப்ராலெத்ரின், சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்னுல இருந்து எடுக்கற மருந்தோட செயற்கை உறவுக்காரங்க. மனுஷனுக்கு அந்த அளவுல பெருசா ஒன்னும் பண்ணாதுன்னுதான் அனுமதியே குடுக்கறாங்க, ஆனா எங்க அத்தைக்கு மூடின ரூம்ல அத ஓட்டினா ஒரு மணி நேரத்துல இருமல் ஆரம்பிச்சிடும், டாக்டரும் வேணாம்னுட்டாரு. ஜன்னலத் தொறந்து வெச்சு ஓட்டினா மருந்தும் வெளிய போயிடும், மூடி வெச்சு ஓட்டினா மே மாசம் வேகும். மீன் தொட்டி வெச்சிருக்கறவங்க ரொம்ப கவனம், இந்த வகை மருந்து மீனுக்கு விஷம். பக்கத்து வீட்டுத் தம்பி இது தெரியாம தொட்டிக்குப் பக்கத்துலயே சொருகி வெச்சு, ஒவ்வொரு மீனா மிதக்கறதப் பாத்து தண்ணிய குறை சொல்லிட்டு இருந்தான். செலவுன்னு பாத்தா எங்களுக்கு ரெண்டு ரூமுக்கு மாசம் ரெண்டு பாட்டில், 170 ரூபா, வருஷத்துக்கு 2000. கரண்ட்டு போச்சுன்னா அதுவும் போச்சு, கொசு ஜாஸ்தியா இருக்கறதும் கரண்ட்டு போறதும் அதே மழை ராத்திரியிலதான்.

கொசுவத்திச் சுருள் பத்தி நீட்டி முழக்க மாட்டேன். 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுல வர்ற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு அளந்து சொல்லிட்டாங்க. மூடின பெட்ரூம்ல, கட்டிலுக்கு அடியில, குழந்தைக்குப் பக்கத்துல ஏத்தறோம் நாம. மொட்டை மாடியிலயோ திண்ணையிலயோ காத்தாட உக்காரும்போது ஒன்னு ஏத்தினா சரி. பேர் ஊர் இல்லாத பாக்கெட்டுல "மூலிகை கொசு ஊதுவத்தி"ன்னு விக்கறத மட்டும் தொடாதீங்க, மூலிகைன்னு எழுதியிருந்தா மூலிகைன்னு அர்த்தம் இல்ல, சிலதுல பூச்சி மருந்தத்தான் கணக்கு வழக்கில்லாம ஊத்தியிருக்காங்க. அத்தை ஊருல நொச்சி இலைய மூட்டம் போடுவாங்க, கொசு ஓடும்தான், கூடவே நாமளும் ஓடணும்.

வெளிச்சம் காட்டி பூச்சிய இழுத்துக் கொல்லும்னு விக்கறாங்களே, அந்த நீல லைட்டு மெஷினுக்கு நாங்களும் ஏமாந்தோம். 1200 ரூபா. காலைல ட்ரேயப் பாத்தா நிறைய பூச்சி கிடக்கும், ஆஹா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுவோம், ஆனா கடி கொறையவே இல்ல. ஒருநாள் இவரு பூதக்கண்ணாடிய எடுத்துட்டு உக்காந்து பாத்தாரு, முக்காவாசி ஏதோ அந்துப்பூச்சியும் பேர் தெரியாத பொடிப் பூச்சியும்தான். அப்புறம் படிச்சா, அமெரிக்காவுல டெலவேர்ல 1996லயே இத எண்ணிப் பாத்திருக்காங்க, வெளிய மாட்டின மெஷின்ல செத்தது 13,789 பூச்சி, அதுல மனுஷன கடிக்கற வகை வெறும் 31. கொசு நம்ம மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைடையும் வேர்வை வாசனையையும் மோப்பம் பிடிச்சு வருது, லைட்டப் பாத்து மயங்கற ஜாதி இல்ல அது. நீங்க அதே ரூம்ல படுத்திருக்கும்போது அந்த நீல லைட்ட விட நீங்கதான் அதுக்கு அழகு. இப்ப நிறைய பேட்டுலயே ஸ்டாண்டு குடுத்து நீல பல்பு வெச்சு "ராத்திரி நிறுத்தி வெச்சா தானா அடிக்கும்"னு விக்கறாங்க, அந்த வசதிக்குன்னு 200 ரூபா சேத்துக் குடுக்காதீங்க.

கொசு வலைதான் நான் மதிக்கற ஆளு. எங்க அம்மா வீடு கரூர், அந்த ஊருல வலை நெசவு பெரிய தொழில், அங்க இருந்து வெளிநாட்டுக்கெல்லாம் கப்பல்ல போகுது, எனக்கு கல்யாண சீர்லயே ரெண்டு வலை வந்துச்சு, நான் அத பரண் மேல போட்டுட்டு மூணு வருஷம் பேட்டு வாங்கிட்டு இருந்தேன், என்னத்த சொல்ல. சதுர அங்குலத்துக்கு 156 ஓட்டை இருக்கற வலைய வாங்குங்க, எண்ணிக்கை அதவிடக் கம்மின்னா ஓட்டை பெருசு, சின்ன கொசு நுழையும். மெத்தைக்கு அடியில நாலு பக்கமும் சொருகணும், வலையில கை ஒட்டற மாதிரி படுத்தா வெளிய இருந்தே கடிக்கும். ஒரே குறை, காத்து கம்மி, ஃபேன் காத்து பாதியாத்தான் உள்ள வரும், எங்க வீட்டுக்காரருக்கு அதான் பிடிக்காது, "சவப்பெட்டி மாதிரி இருக்கு"ன்னாரு, நான் பதிலே சொல்லல. கைக்குழந்தைக்கு குடை மாதிரி விரியற வலை 300, 400 ரூபாய்க்கு கிடைக்குது, பகல்லயும் அதுக்குள்ள போட்டுடலாம், டெங்கு கொசு பகல்ல வர்றதால அது முக்கியம். எதிர் வீட்டுப் பொண்ணுகிட்ட மொத செலவா நான் சொன்னது இதத்தான்.

அப்புறம் ஜன்னல் வலை. வாடகை வீட்டுல காசு போடறதான்னு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டோம். கடைசியில வெல்க்ரோ ஒட்டற டைப்பு போட்டோம், ஆணி இல்ல, ட்ரில் இல்ல, ஓனருக்கும் கோவம் இல்ல. எல்லா ஜன்னலும் சேத்து 60 சதுரடி, சதுரடிக்கு 45 ரூபா, 2700 ஆச்சு. பால்கனி கதவுக்கு நடுவுல காந்தம் வெச்ச திரை 800. மொத்தம் 3500. அதுக்கு முன்னாடி மூணு வருஷத்துல லிக்விடுக்கு 6000, பேட்டுக்கு 1600, நீல லைட்டுக்கு 1200 அழுதிருக்கோம். வெல்க்ரோ பசை வெயில்ல ஒரு வருஷத்துல விட்டுப் போச்சு, தெக்குப் பக்க ஜன்னலுக்கு மறுபடி ஒட்டினோம், துவைச்சு மாட்டலாம், ஆனா காத்து கொஞ்சம் கொறையும், வெளிச்சமும் லேசா மங்கும். சொந்த வீடா இருந்தா அலுமினிய ஃப்ரேம்ல எஃகு வலை போட்டுடுங்க, விலை மூணு நாலு மடங்கு, எலி கூட கடிக்காது.

வலை போட்ட அப்புறமும் கொசு வந்துச்சு. எப்படின்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு. விளக்கு வெக்கற நேரம். சாயங்காலம் 6 மணிக்கு வாசக்கதவ சாத்தக்கூடாது, லட்சுமி வர்ற நேரம்னு அத்தை கதவ விரியத் தொறந்து வெச்சிடுவாங்க, லட்சுமி வந்தாங்களான்னு தெரியாது, கியூலெக்ஸ் குடும்பத்தோட வந்துச்சு. இத எப்படி சொல்றதுன்னு தயங்கி, கடைசியில அஞ்சரைக்கே விளக்கேத்தி, கதவ அஞ்சு நிமிஷம் தொறந்து, சாமி கும்பிட்டதும் சாத்திடலாம்னு ஒத்து வந்தாங்க. அதுக்கப்புறமும் நழுவி உள்ள வர்ற நாலஞ்சு இருக்கு பாருங்க, அதுக்குத்தான் பேட்டு. இப்ப ஒரு நாளைக்கு அஞ்சாறு "பட்"டு, முன்னாடி நாப்பது அம்பது. பழைய பேட்டா இருந்தாலும் இந்த வேலைக்கு தாங்கியிருக்கும்னு தோணுது.

கொசு இல்லாம மத்ததுக்கு பேட்டு எப்படின்னா, ஈக்கு வேணாம். அடிபடும், ஆனா ஈ உக்காந்து வர்ற இடம் நமக்குத் தெரியும், மின்சாரத்துல வெடிக்கும்போது உடம்புல இருக்கற கிருமியெல்லாம் தெறிக்கும்னு அமெரிக்காவுல கன்சாஸ்ல ஆராய்ச்சி பண்ணியே காட்டியிருக்காங்க, சாப்பாட்டு மேசைக்கு மேல அத பண்ணாதீங்க. பழத்த மூடி வெச்சு குப்பைய அன்னன்னிக்கே எடுத்தா ஈ பாதி போயிடும். வாழைப்பழத்துல மொய்க்கற பொடி ஈ பேட்டு வலைக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வந்துடும், அதுக்கு ஒரு டம்ளர்ல வினிகரும் ஒரு சொட்டு பாத்திரம் விளக்கற சோப்பும் போதும். மழை விட்ட சாயங்காலம் ஈசல் வந்தா தயவுசெஞ்சு பேட்ட எடுக்காதீங்க, நான் எடுத்தேன், வீடு முழுக்க ரெக்கையும் கருகின வாசனையும், லைட்ட அணைச்சுட்டு ஒரே ஒரு பல்புக்கு அடியில அகலமான பாத்திரத்துல தண்ணி வெச்சா தானா வந்து விழும். பறக்கற கரப்பான்பூச்சி பேட்டுல சாகாது, கோவப்படும். குளவிகிட்ட வெச்சுக்காதீங்க, தேனீய விட்டுடுங்க.

இன்னொரு வேலை இருக்கு, இதுக்கு காசே கிடையாது. வீட்டுக்குள்ள நாமளே கொசு வளத்துட்டு இருக்கோமான்னு ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து. ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, மணி ப்ளாண்ட் பாட்டில், பூந்தொட்டி தட்டு, பால்கனியில கவுத்து வெக்காத பக்கெட்டு, மாடியில கிடக்கற பழைய ஆட்டுக்கல்லு, மூடி சரியா உக்காராத மேல்நிலைத் தொட்டி. முட்டையில இருந்து கொசுவாக பத்து நாள்கிட்டதான் ஆகும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ கொட்டினா போதும். வெறும கொட்டினா பத்தாது, டெங்கு கொசு முட்டைய தண்ணி மட்டத்துக்கு மேல பாத்திரத்து ஓரத்துல ஒட்டி வெக்கும், அது காஞ்சு மாசக்கணக்குல உயிரோட இருக்கும், தேய்ச்சுக் கழுவணும். செப்டிக் டேங்க் காத்துப் போற பைப்பு மேல ஒரு துண்டு வலைய ரப்பர் பேண்டால கட்டிடுங்க, எங்க அபார்ட்மெண்ட்ல அது கட்டின மாசம் கீழ் வீட்டுக்காரங்களே வித்தியாசம் தெரியுதுன்னாங்க.

எதிர் வீட்டுப் பொண்ணுக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு: குழந்தைக்கு குடை வலை இன்னிக்கே, ஜன்னல் வலை இந்த மாசச் சம்பளத்துல, பேட்டு அதுக்கப்புறம், மூணு அடுக்கு, லித்தியம், நீல பல்பு இல்லாதது. லிக்விடு அவசரத்துக்கு ஒன்னு இருக்கட்டும், குழந்தை இல்லாத ரூம்ல மட்டும். எங்க வீட்டுக்காரரோட தம்பி வேளச்சேரியில நாலு பேரோட ரூம் எடுத்து இருக்கான், மாடி ஷெட்டு, ஜன்னலுக்கு கதவே இல்ல, அவனுக்கு இதெல்லாம் சொல்லி என்ன பண்றது, ஆளுக்கு ஒரு கட்டில் வலை, ஃபேன அஞ்சுல வை, பொதுவா ஒரு பேட்டுன்னேன், ஃபேன் காத்துல கொசுவால ஒழுங்கா பறக்க முடியாது. ஊருல அத்தையோட ஓட்டு வீட்டுக்கு ஜன்னல் வலையே வேஸ்ட்டு, ஓட்டுச் சந்துல ஆயிரம் வழி இருக்கு, அங்க கட்டில் வலை மட்டும்தான், சாயங்காலம் கைக்கும் காலுக்கும் ஓடோமாஸ்.

எங்களுக்கு பாத்ரூம் வெண்டிலேட்டர் ஒன்னு பாக்கி. கண்ணாடிப் பட்டைய ஒவ்வொன்னா உருவிட்டுதான் வலை ஒட்ட முடியுமாம், ரெண்டு பட்டை ஏற்கனவே விரிசல். வலை போட்டுக் குடுத்த தம்பி ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்காரு. அவரு ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்றது இது மூணாவது தடவ, அதுவரைக்கும் குளிக்கப் போறவங்க கதவுக்கிட்ட மாட்டியிருக்கற பேட்ட எடுத்து உள்ள ஒரு சுத்து சுத்திட்டு, வெளிய வெச்சுட்டு, காஞ்ச கையோட, அப்புறம்தான் குழாயத் தொறக்கணும்.